வத்தக் காய்ச்சிய தண்ணீர்

1

ஊரிலிருந்து எனக்கு வரும் கேள்விகளில் இப்போது பாதி தண்ணீர் வடிக்கும் பில்டர் பற்றியவை. முன்பு விசா கேட்பார்கள், போன் கேட்பார்கள். போன கிழமை கனமூலையில் இருக்கும் என் மாமா மகள், எனக்கு இளையவள், ஒரு குரல் பதிவு அனுப்பியிருந்தாள். "ராத்தா, நீங்க இங்கிலாந்துல இரிக்கிறீங்க, உங்களுக்குத் தெரியும்தானே. மண் பில்டர் நல்லமா, கரண்டுல வேல செய்யிற மெசின் நல்லமா? மலிவாவும் இரிக்கணும், சுகத்துக்கும் நல்லதா இரிக்கணும். ஒண்டச் சொல்லுங்க."

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு எல்லாம் தெரியும் என்று ஊரில் நினைக்கிறார்கள். நான் இங்கே குழந்தைகள் கிளினிக் ஒன்றில் தரை துடைக்கிறேன். ஓ.எல். வரை படித்தேன், பாஸ் பண்ணவில்லை. நாலு பேர் இருக்கும் அறையில் நான் வாய் திறக்க மாட்டேன். ஆனாலும் இந்த ஒரு கேள்விக்கு மட்டும் எனக்கு உண்மையாகவே கொஞ்சம் பதில் தெரியும். தெரிந்துகொண்ட விதத்தைப் போனில் சொல்ல முடியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

எழுதலாமா என்று நானாவிடம் கேட்டேன். நானா என்றால் எனக்கு மூத்தவர், எங்களுக்கு இருக்கும் ஒரே ஆண்பிள்ளை. "எழுது. பேர் போடாத" என்றார். பிறகு, "கெணத்தப் பத்தி ஒண்டும் கொறச்சி எழுதாத" என்றார்.

2

நான் இருக்கும் ஊர் சுண்ணாம்பு மலையின் மேல் இருக்கிறதாம். எங்கள் மாடி வீட்டுக் குசினியில் பைப்பைத் திறந்தால் வரும் தண்ணீர் பளிங்கு மாதிரி இருக்கும். ஆனால் கேத்தலுக்குள் பார்த்தால் அடியில் வெள்ளையாக ஒரு படை. சுரண்டினால் முட்டை ஓடு மாதிரிப் பெயர்ந்து வரும். வந்த புதிதில் அதைப் பார்த்து எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. புத்தளம் டவுனில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டிலும் கேத்தலுக்குள் இதே படை இருந்தது. இவ்வளவு தூரம் பிளேனில் வந்தும், எனக்கு முன்னாலேயே அது இங்கே வந்து குந்திக்கொண்டிருந்த மாதிரி இருந்தது.

என் மகள் ஸீனத்துக்கு இப்போது பத்தொன்பது வயது. நான் தமிழில் கேட்பேன், அவள் இங்கிலீசில் பதில் சொல்வாள். அப்படியே எங்கள் வீடு ஓடுகிறது. ஊரிலிருந்து வீடியோ கோல் வந்தால் கையை ஆட்டிவிட்டு அறைக்குள் போய்விடுவாள். யார் யாருக்கு என்ன முறை என்று கேட்டால் தெரியாது. கேத்தலில் மிஞ்சிய தண்ணீரையே நான் திரும்பத் திரும்பக் கொதிக்க வைப்பதைப் பார்த்து மட்டும் அவளுக்கு எரிச்சல் வரும். "செத்த தண்ணி, உம்மா" என்பாள். தமிழில் அவள் சொந்தமாகச் செய்த சொல் அது. தண்ணீரை வீணாக்க எனக்குக் கை வராது. அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்ட இடம் வேறு.

3

தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம்களை வெளியேற்றியபோது நாங்கள் மன்னாரிலிருந்து வெளிக்கிட்டு வந்தவர்கள். புத்தளத்தில் முதலில் ஓலைக் கொட்டில் முகாம். அங்கே தண்ணீர் பவுசர் லொறியில் வரும். பவுசர் வரும் சத்தம் கேட்டால் சோற்றை வைத்துவிட்டு ஓட வேண்டும். நான் குமர்ப் பிள்ளை. ஆண்களுக்கு நடுவில் வாளியோடு நிற்க வெட்கப்பட்டுப் பின்னால் நிற்பேன், என் முறை வரும்போது பைப் காற்றைத்தான் ஊதும். நானா என் வாளியையும் வாங்கிக்கொண்டு முன்னால் போவார். அவர் என் பக்கம் நின்ற நாட்கள் அவை. பின்னால் நடந்ததைச் சொல்ல இது தெரிந்திருக்க வேண்டும்.

சில வருசம் முகாமிலும் டவுனில் வாடகை வீட்டிலும் இருந்த பிறகு வாப்பா கற்பிட்டி வீதியில் ஒரு துண்டு காணி வாங்கினார். அந்தப் பக்கம் நிலம் முழுக்க மணல். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் களப்பு. இரண்டு உப்புக்கும் நடுவில் தோண்டினால் நல்ல தண்ணீர் வரும் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். வாப்பாவும் நானாவும் தோண்டினார்கள். ஆளுயரம் கொஞ்சம் தாண்டியதும் ஊறியது. வாப்பா கையில் அள்ளிக் குடித்துவிட்டு கிணற்றுக்குள்ளேயே நின்று திரும்பவும் அள்ளினார். மழைத் தண்ணீர் மணலில் இறங்கி உப்புத் தண்ணீருக்கு மேல் மிதந்துகொண்டிருக்கிறதாம், அதைத்தான் நாங்கள் குடிக்கிறோமாம். நானா அதை எனக்கு விளங்கப்படுத்திய நாளிலிருந்து கிணற்றை எட்டிப் பார்க்கும்போதெல்லாம் அடியில் இருக்கும் அந்த மற்றத் தண்ணீரைத்தான் நினைப்பேன். அது கீழே, கறுப்பாக, மூச்சை அடக்கிக்கொண்டு படுத்திருக்கிற மாதிரி.

அவ்வளவு இனிப்பான தண்ணீர் அந்த வீதியிலேயே இல்லை. அக்கம்பக்கத்தார் குடத்தோடு வருவார்கள். வாப்பா ஹஜ்ஜுக்குப் போய் வந்தபோது மக்காவின் புனித ஸம்ஸம் தண்ணீர் கொண்டு வந்தார். சொந்தக்காரர்களுக்குச் சின்னச் சின்னப் போத்தலில் பிரித்துக் கொடுத்து, மிஞ்சிய ஒரு போத்தலைப் பிஸ்மி சொல்லிக் கிணற்றில் ஊற்றினார். "இந்தப் படலைக்கு வந்த ஒரு ஆளும் தாகத்தோட திரும்பக் கூடாது" என்று வாசல் கதவைக் காட்டிச் சொன்னார். அவர் மவுத்தாகும்போது வாயில் விட்டதும் அந்தக் கிணற்றுத் தண்ணீர்தான்.

கிணற்றைச் சுற்றி நானா வெங்காயம் போட்டார், சில போகம் மிளகாய். மணல் தரை. போட்ட உரத்தை அது விழுங்கிவிடும். அதனால் எல்லோரும் கூடப் போடுவார்கள்.

4

சண்டை முடிந்த பிறகு ஊரில் தண்ணீர் பற்றிய பயம் பெருகியது. சிறுநீரக வருத்தம் என்ற பேச்சு உள்நாட்டு வயல் ஊர்களிலிருந்து வந்தது. சந்திக்குச் சந்தி சுத்தத் தண்ணீர் விற்கும் கடைகள் வந்தன. நானும் பயந்து, இங்கிருந்து காசு அனுப்பி, கொழும்பில் ஒரு பில்டர் வாங்கி வீட்டுக்கு அனுப்ப வைத்தேன். மேலே ஒரு பானை, கீழே ஒரு பானை, நடுவில் வெள்ளை மெழுகுதிரி மாதிரி இரண்டு. தண்ணீர் அதனூடாகக் கசிந்து கீழே இறங்கும்.

நானா அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாராம். "ஸம்ஸம் ஊத்தின தண்ணிய வடிக்கிறதா? வடிச்சா அல்லாட பறக்கத்து மேல நிக்கும், நாம கீழ நிண்டு வெறுந்தண்ணி குடிக்கணும்" என்று சிரித்தாராம். அவர் பெண்சாதி எனக்கு மச்சி, அவளுக்கு நானும் மச்சி. அவள் வீணாக்குகிற ஆள் இல்லை. மேல் பானையில் சீனி போட்டு வைத்தாள். "எறும்பு ஏறுறதே இல்ல மச்சி, அருமையான சாமான் அனுப்பி இரிக்கிறீங்க" என்று எனக்குச் சொன்னாள். நானும் சிரித்தேன்.

இன்றைக்கு யோசித்தால், அந்தப் பில்டரை ஒழுங்காகப் பாவித்திருந்தாலும் நடந்தது நடந்துதான் இருக்கும்.

5

நானாவின் மகள் றிஸ்னாவுக்குப் பிள்ளை கிடைத்தது. ஆண் பிள்ளை, யூசுப் என்று பேர் வைத்தார்கள். வயிற்றை வெட்டித்தான் எடுத்தார்கள். பிறகு அவளுக்குக் காய்ச்சல் வந்து, பால் ஊறாமல் போய், பிள்ளைக்குப் போத்தல் பால் என்றாகிவிட்டது.

முதல் வீடியோ கோலில் எல்லோரும் பிள்ளையைத்தான் புகழ்ந்தார்கள். "அழவே மாட்டான் மச்சி. இப்படிப் பொறுமையான புள்ளய நாங்க கண்டதில்ல" என்றாள் மச்சி. பிள்ளை வெள்ளைத் துணியில் கிடந்தான். கண் திறந்திருந்தது. மச்சி கன்னத்தைத் தட்டினாள், அவன் கண்ணை மட்டும் மெதுவாக அந்தப் பக்கம் திருப்பினான். நான் பார்த்த பிள்ளைகள் எல்லாம் கையைக் காலை அடிப்பார்கள். இவன் யாரோ சொல்லி வைத்த மாதிரி அசையாமல் கிடந்தான்.

அடுத்த கிழமை கோலில் வாயைச் சுற்றி ஒரு நிழல் தெரிந்தது. வெளிச்சம் சரியில்லை என்று நினைத்தேன். யன்னல் பக்கம் கொண்டுவரச் சொன்னேன். யன்னல் பக்கம் வந்தான், நிழலும் கூட வந்தது. நாவற்பழம் தின்ற பிள்ளையின் உதடு எப்படி இருக்கும், அப்படி. விரல் நகங்களும் அதே நிறம். பக்கத்தில் இருந்த மச்சியின் முகம் சாதாரண நிறத்தில்தான் இருந்தது. போனில் பிழை இல்லை.

"என்ன மச்சி, வாய் ஒரு மாதிரி இரிக்கு?"

மச்சி குரலை இறக்கினாள். றிஸ்னா மஃரிப் நேரம், பொழுதுபடும்போது, தலையை மூடாமல் கிணற்றடிக்குப் போய்விட்டாளாம். என்னமோ பார்த்துவிட்டதாம். பிள்ளைக்குத் தண்ணீர் ஓதிக் கொடுக்கிறார்களாம். "ஓதின தண்ணிய மூணு நேரமும் குடுக்குறம். அதுக்கும் நான் சும்மா தண்ணி எடுக்கிறதில்ல. வத்தக் காய்ச்சித்தான்."

எங்கள் பக்கத்துப் பிள்ளை பெற்ற வீடுகளில் அடுப்பு அணையாது. தாய்க்கு மூலிகைக் குடிநீர் அவிப்பார்கள். எட்டுப் பங்கை ஒரு பங்காக வத்த வைத்தால்தான் மருந்து இறங்கும் என்பது கணக்கு. மச்சி அந்தக் கணக்கைப் பிள்ளையின் தண்ணீருக்கும் வைத்தாள். நல்ல தண்ணீரை வத்த வத்தக் காய்ச்சினால் இன்னும் நல்லதாகும் என்று நினைத்தாள். காலையில் பானை நிறைய ஏற்றுவாள், பகல் சாப்பாட்டு நேரம் அடியில் கொஞ்சம்தான் நிற்கும். அதில் பால் கரைப்பாள். பிள்ளை சோர்ந்தால் இன்னும் வத்த வைப்பாள். நானும் அதைக் கேட்டு, எவ்வளவு கவனமான பெண் என்றுதான் நினைத்தேன்.

அந்தக் கிழமை எனக்கு இங்கே பைப் தண்ணீரில் எங்கள் கிணற்றின் இனிப்புத் தெரிந்தது. ஒரு மிடறு குடித்ததும் நாக்கில் அது வந்து போனது. திரும்பக் குடித்தேன், இல்லை. ஏன் அப்படி என்று இன்றுவரை தெரியாது. நான் அந்தக் கிளாசைக் கழுவி வைத்தேன்.

6

நான் துடைக்கும் கிளினிக்கில் ஒரு சுவர் முழுக்கப் படங்கள். வாசிக்க மெனக்கெடுவதில்லை. அதில் ஒன்றில் கேத்தல் படம், பக்கத்தில் பால் போத்தல். ஒருநாள் அந்தச் சுவருக்குக் கீழே நான் துடைத்துக்கொண்டிருக்கும்போது ஒரு இளம் தாய்க்குத் தாதி விளங்கப்படுத்திக்கொண்டிருந்தாள். பிள்ளைக்குப் பால் கரைக்க ஒவ்வொரு முறையும் புதுத் தண்ணீர் எடுங்கள், ஏற்கனவே கொதித்ததைத் திரும்பக் கொதிக்க வைக்க வேண்டாம் என்றாள். தாய் ஏன் என்று கேட்டாள். தண்ணீர் ஆவியாகிப் போய்விடும், அதில் கரைந்து கிடப்பது போகாது, மிஞ்சிய கொஞ்சத்தில் சேர்ந்துகொண்டே வரும் என்றாள்.

கேத்தலின் வெள்ளைப் படை கண்ணுக்கு முன் வந்தது. பிறகு எங்கள் குசினி அடுப்பும், அடியில் கொஞ்சம் தண்ணீர் நிற்கும் அந்தப் பானையும்.

தாய் போன பிறகும் நான் அதே இடத்தைத் துடைத்துக்கொண்டு நின்றேன். தாதி என்னைப் பார்த்துச் சிரித்தாள். இத்தனை வருசத்தில் அவளிடம் குட் மோர்னிங் தவிர வேறொன்றும் நான் சொன்னதில்லை. எப்படியோ வாய் திறந்தது. என் தம்பி முறையான ஒரு பிள்ளை என்று தொடங்கி, அது பிழை, பேரன் முறை என்று திருத்தி, அதற்குள் நீலம் என்பதற்கு இங்கிலீஸ் சொல் எனக்கு மறந்து போய்விட்டது. எவ்வளவு லேசான சொல். வரவே இல்லை. கடைசியில் அவளுடைய யூனிபோமைத் தொட்டுக் காட்டி, பிறகு என் உதட்டைத் தொட்டுக் காட்டினேன்.

அவள் சிரிப்பு நின்றது. பிள்ளை எங்கே என்றாள். இலங்கை என்றேன். அவள் கையில் எடுத்த பேனாவைத் திரும்ப வைத்தாள். அவளுடைய கொம்பியூட்டரில் அந்தப் பிள்ளையைப் பதிய ஒரு இடம் இல்லை. ஆனால் என்னை உட்கார வைத்துக் கேட்டாள். போத்தல் பாலா, கிணறா, பக்கத்தில் தோட்டமா, உரம் போடுகிறார்களா. எல்லாவற்றுக்கும் நான் தலையை ஆட்டினேன். இப்போதே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல், அந்தத் தண்ணீரை நிறுத்தச் சொல் என்றாள்.

வேலையைப் பாதியில் விட்டு வீட்டுக்கு வந்து ஸீனத்திடம் சொன்னேன். அவள் போனில் தேடி வாசித்தாள். முதல்முறையாக எனக்காக ஒவ்வொரு வரியையும் தமிழில் சொல்ல முயன்றாள். உரத்தில் இருக்கும் ஒரு உப்பு மணலில் இறங்கிக் கிணற்றில் கலந்துவிடும். நிறமில்லை, மணமில்லை, ருசியும் மாறாது. பெரியவர்கள் தாங்கிக்கொள்வார்கள். சின்னப் பிள்ளையின் உடம்பில் அது இரத்தத்தைப் பிடித்துக்கொள்ளும், மூச்சுக் காற்றைக் கொண்டுபோக விடாது. "நீலப் பிள்ளை" என்றாள். "உம்மா, அவன் உள்ளுக்குள்ள மூச்சு முட்டுது. வெளிய தெரியாது." பிறகு கேட்டாள்: "அவன் எனக்கு என்ன முறை?"

7

இனி நானாவிடம் சொல்ல வேண்டும். வாப்பா தோண்டிய கிணறு பிள்ளையைக் கொல்கிறது என்று, என் வாளியைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனவரிடம், நான் சொல்ல வேண்டும். ஸீனத் என் பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். இங்கே இன்னும் மதியமாகவில்லை, ஊரில் அசர் தொழுது முடிந்த பின்னேரம்.

"நானா, புள்ளைக்குக் குடுக்கிற தண்ணிய நிப்பாட்டுங்க."

"எந்தத் தண்ணிய?"

"கெணத்துத் தண்ணிய. புள்ளய இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க."

போனில் தூரத்தில் யாரோ கிணற்றில் வாளி விடுவது கேட்டது.

"வாப்பாட கெணத்தயா சொல்ற?"

"ஓம்."

"அதக் குடிச்சவதானே நீ. இப்ப வெள்ளக்காரன்ட பைப்புத் தண்ணி குடிச்சதும் நம்மட தண்ணி கெட்டுப் போச்சா?"

"நான் குமரா இரிக்கக்குள்ள குடிச்சன், நானா. இவனுக்கு இன்னும் நாப்பது நாள் கழியல்ல. உரத்து உப்பு தண்ணிக்குள்ள இரிக்கி. மச்சி வத்தக் காய்ச்சக் காய்ச்ச அது கூடுது."

"ஸம்ஸம் ஊத்தின கெணறு தங்கச்சி."

அவர் குரலில் கோபம் இல்லை. கெஞ்சுகிற மாதிரி இருந்தது. அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை. எப்போதும் போல வாயை மூடிக்கொண்டிருந்திருப்பேன். ஸீனத் என் கையை இறுக்கினாள்.

"வாப்பா ஊத்தினது ஒரு போத்தல் நானா. நாம போட்டது எத்தின மூட உரம்?"

போன் வைக்கப்பட்டது.

8

பிறகு நடந்ததெல்லாம் மச்சி சொல்லித் தெரியும். நானா போனை வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போனாராம். எட்டிப் பார்த்தபடி நின்றாராம். தண்ணீர் எப்போதும் போலத் தெளிவாக இருந்ததாம், அடியில் கிடந்த சிப்பி ஓடுகளை எண்ணலாம் போல. பின்னர் குசினிக்குப் போய், அடுப்பில் வத்திக்கொண்டிருந்த பானையைத் துணியால் பிடித்து இறக்கி, வேலியோரம் கொண்டுபோய்க் கவிழ்த்தாராம். மச்சி அழுதாளாம். அவர் திரீவீல் ஓட்டோவுக்கு ஆள் அனுப்பினாராம்.

புத்தளம் ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்தார்கள். ஊசிக்குள் ஏறியது சிவப்பாக இல்லை. "கோப்பி மாதிரி இரிந்திச்சி மச்சி" என்றாள். "ஒரு சொட்டு வெள்ளத் துணியில பட்டது. காத்துப் பட்டாலும் செவக்கல்ல. அந்த நெறத்துலயே காஞ்சிச்சி." நானா டொக்டரிடம், "இங்கிலாந்துல இருந்து தங்கச்சி சொல்றா, தண்ணியாம்" என்றாராம். டொக்டர் கிணறு எங்கே, தோட்டம் எங்கே என்று மட்டும் கேட்டார். பிறகு அவசரமானார்கள்.

கொண்டுவந்த மருந்தும் நீலம். பேனா மை மாதிரிக் கடும் நீலம். நீலமாகக் கிடக்கும் பிள்ளைக்கு நீலத்தையே ஏற்றுகிறார்களே என்று மச்சி கலிமாச் சொல்லிக்கொண்டு கண்ணை மூடிவிட்டாள். கண்ணைத் திறந்தபோது பிள்ளையின் உதடு வேறு யாருடையதோ மாதிரி இருந்ததாம். இளஞ்சிவப்பு. அவன் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அந்த வாயின் உண்மையான நிறத்தை அவர்கள் பார்த்தது அப்போதுதான்.

அன்றும் மறுநாளும் பிள்ளையின் மூத்திரம் பச்சை நீலமாகப் போனது. மருந்தின் நிறம் என்று தாதி சொல்லியும் மச்சி நம்பவில்லை. பிடித்திருந்தது இறங்கிப் போகிறது என்றாள். ஒருவகையில் அதுவும் சரிதான்.

9

இனி மாமா மகள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். எங்களுக்குத் தெரிய வந்ததை மட்டும் சொல்கிறேன்.

முதலில் தண்ணீரைச் சோதிக்கக் கொடுங்கள். அதற்கு முன் பில்டர் வாங்குவது என்ன வருத்தம் என்று தெரியாமல் மருந்துக் குளிசை வாங்குவது மாதிரி. நானா சோதிக்கும் இடத்துக்குச் சோடாப் போத்தலில் தண்ணீர் கொண்டுபோனார், திருப்பி அனுப்பினார்கள். அவர்கள் தரும் போத்தலில்தான் எடுக்க வேண்டும், எடுத்த அன்றே கொடுக்க வேண்டும். இரண்டு முறை அலைந்தார். மறுமொழி சிங்களத்தில் வந்தது. நானாவுக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியும். வாசித்துவிட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்தார், யாருக்கும் காட்டவில்லை. ஆனால் அடுத்த போகம் கிணற்றைச் சுற்றி ஒன்றும் நடவில்லை.

காய்ச்சினால் கிருமி சாகும். உப்பு, உரம், எதுவும் போகாது. வத்த வைத்தால் கூடும். ஆகவே ஒரு கொதி வந்ததும் இறக்குங்கள். மெழுகுதிரி வைத்த பில்டர் கலங்கலையும் கிருமியையும் பிடிக்கும், கரைந்ததைப் பிடிக்காது. அதைக் கழுவாமல் விட்டால் அதுவே கிருமி வளரும் இடம். கரி உள்ளது மணத்தையும் மருந்து வாசத்தையும் எடுக்கும், அவ்வளவுதான். கரைந்திருப்பதை எடுப்பது ஆர்.ஓ. மெசின். அது விலை, கரண்டு வேண்டும், உள்ளே இருக்கும் சவ்வை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும், நல்ல தண்ணீரை விட அதிகமாகக் கழிவுத் தண்ணீரை வெளியே விடும். வீட்டுக்கு வீடு அதை வைக்க வசதியில்லாவிட்டால் ஊரில் சங்கம் நடத்தும் ஆர்.ஓ. இடத்தில் பிளாஸ்டிக் கானில் வாங்குங்கள். குடிக்கவும் சமைக்கவும் அது போதும், குளிக்கவும் கழுவவும் கிணறு இருக்கிறதுதானே. எல்லாவற்றிலும் மலிவு மழைத் தண்ணீர். முதல் மழையில் கூரையைக் கழுவ விட்டுவிட்டு, பிறகு வருவதை மூடிய தொட்டியில் பிடித்து, கொதிக்க வைத்துக் குடிக்கலாம்.

கைப்பிள்ளைக்குத் தாய்ப்பால்தான். அது இல்லாத வீட்டில் தோட்டத்துக் கிணற்றுத் தண்ணீரைத் தொடாதீர்கள், அது எவ்வளவு இனித்தாலும்.

ஓதிய தண்ணீரைப் பற்றி மச்சி என்னிடம் தயங்கித் தயங்கிக் கேட்டாள். நான் பெரிய படிப்புப் படித்தவளில்லை. ஓதியதில் ஒரு குறையும் இல்லை, இனிக் கானில் வாங்கிய தண்ணீரில் ஓதுங்கள் என்றேன்.

10

நானா என்னோடு பேசவில்லை. பிள்ளை வீட்டுக்கு வந்தான், நாற்பது கழிந்தது, முடி இறக்கினார்கள். படம் வந்தது, குரல் வரவில்லை. மச்சியிடம் கேட்டால், "அவர் படலையடியில நிக்கிறாரு" என்பாள். அவள் சொல்லித்தான் தெரியும். குடத்தோடு வருபவர்களை அவர் வழிமறித்து, வீட்டில் கைப்பிள்ளை இருக்கிறதா என்று கேட்கிறாராம். இருக்கிறது என்றால் கிணற்றடிக்கு விடுவதில்லையாம். ஒருத்தி சண்டைக்கு வந்தாளாம். "ஒங்கட வாப்பா ஒருத்தரயும் திருப்பி அனுப்பல்ல, நீங்க இப்ப தண்ணிக்குக் காவல் நிக்கிறீங்களா?" என்று கேட்டாளாம். அன்றிரவு அவர் சாப்பிடவில்லையாம்.

மறுநாள் சந்தியில் ஒரு நீலப் பீப்பாய் வாங்கி, கழுவி, படலைக்குப் பக்கத்தில் கல் அடுக்கி ஏற்றி வைத்தார். தினமும் கானில் ஆர்.ஓ. தண்ணீர் கொண்டுவந்து நிரப்புகிறார். ஒரு கோப்பை சங்கிலியில் தொங்குகிறது. அங்கே வந்த யாரும் தாகத்தோடு திரும்புவதில்லை. நான் அனுப்பிய பில்டர் இன்னும் சீனி வைக்கத்தான். "எறும்பு மட்டும் வரல்ல" என்று மச்சி இப்போதும் சொல்கிறாள்.

நான் கேத்தலில் மிஞ்சும் தண்ணீரை இப்போது ஊற்றிவிடுகிறேன். யன்னலில் இருக்கும் கறிவேப்பிலைச் செடிக்குத்தான் ஊற்றுகிறேன், வீணாக்க இன்னும் மனம் வராது. ஊற்றுமுன் கிளாசில் பிடித்து வெளிச்சத்துக்கு நேரே ஒருமுறை பார்ப்பேன். ஒன்றும் தெரியாது. தெரியாது என்று தெரிந்தும் பார்ப்பேன்.

போன மாதம் வேலை முடிந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். பஸ் நிறைய ஆட்கள். யாரும் யாரோடும் பேசாத வழக்கமான பின்னேரம். போன் அடித்தது, நானாவின் நம்பர். எடுத்து மெதுவாக ஸலாம் சொன்னேன். அதற்குப் பதிலாக ஒரு அழுகை. நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, முழுக் கோபத்தோடு, யாரையும் மதிக்காமல் கத்துகிற பிள்ளையின் அழுகை. முழு பஸ்ஸும் திரும்பிப் பார்த்தது.

"கேக்குதா தங்கச்சி?" என்றார் நானா, அதற்கு மேலால் கத்தி. "காலையிலருந்து இப்படித்தான். நிப்பாட்டவே மாட்டேங்கிறான்."

முன்னால் இருந்த கிழவர் முகத்தைச் சுளித்தார். நான் மன்னிப்புக் கேட்கிற ஆள். எதற்கும் கேட்பேன், யாரோ என் காலை மிதித்தாலும் கேட்பேன். சத்தத்தைக் குறைக்கும் பட்டனில் விரல் போனது.

விரலை எடுத்துவிட்டேன். எல்லோரும் கேட்கட்டும் என்று போனை மடியில் வைத்துக்கொண்டேன். என் தரிப்பிடம் வரும்வரை அவன் அழுதான்.